ஏசுஅடிமை பாய் இறக்கும் இடங்கள்

கரையில் சிலுவை நட்ட ஒரு குருசடி கண்ணில் பட்டால் போதும், வள்ளக்காரர் ஏசுஅடிமை பனையோலைத் தொப்பியைக் கழற்றிவிடுவார். அடுத்து பாய்க் கயிற்றைத் தளர்த்துவார். பாய் பாதிக்கு இறங்கும். வள்ளம் மெல்ல அந்த இடத்தைத் தாண்டும்வரை அவர் உதடு அசையும். பிறகு தொப்பி தலைக்குப் போகும், பாய் மேலே போகும்.

குளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை குருசடியோ கோயிலோ இல்லாத கரை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

என் சினேகிதன் ஞானசிங்குக்கு அன்று கல்யாணம். கருங்கல் ஊரில் வாத்தியார், சிலை வைத்துக் கும்பிடாத சபைக்காரன். வீட்டார் எல்லோரும் ஒழுங்காக வண்டியில் போக, இவனுக்கு மட்டும் கடல் வழியே போய், ஆற்றில் ஏறி, பாய்மரத்தோடு பெண் வீட்டுப் படித்துறையில் இறங்க வேண்டுமாம். மாப்பிள்ளைத் தோழன் என்ற பாவத்துக்கு நானும் ஏறித் தொலைத்தேன். போதகரோ கண்டிப்பானவர். மத்தியானம் அருமனையில் அவர் நடத்திவைக்க இன்னொரு கல்யாணம் இருந்தது. மாப்பிள்ளை பிந்தினால் அடுத்த வாரம்தான் என்று முன்பே சொல்லிவிட்டார்.

குறும்பனையில் பாய் இறங்கியபோது ஞானசிங் பல்லைக் கடித்தான். மிடாலத்தில் கத்தியே விட்டான்.

"ஓய், வேதத்துல எங்கயாவது பாயிறக்கச் சொல்லியிருக்கா?"

"கோட்டு போடவுந்தான் சொல்லல, மாப்பிளே. சும்மா இரி மக்கா. கண்டும் காணாதது போலப் போனா காத்துக்குக் கோவம் வரும்."

எனக்குச் சிரிப்பும் அலை ஆட்டத்தில் குமட்டலும் ஒன்றாக வந்தன.

மனிதருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். சுக்கானைக் காலால் பிடித்துக்கொண்டு கையால் வெற்றிலை மடிப்பார். பேச்சுத் துணை காற்றுதான். "ஏட்டி, வா. கல்யாணக்காரன் அழுவான் போல இருக்கு" என்பார். அந்த அழைப்புக்குக் காற்று வந்ததுதான் வேடிக்கை. வள்ளம் அலைமேல் துள்ளியது. முகமெல்லாம் உப்புத் தண்ணீர். காரணமே இல்லாமல் எனக்குக் கூவ வேண்டும் போலிருந்தது, கூவினேன்.

"எங்க சபைக் கோயிலுக்கும் இறக்குவீரா?" என்று ஞானசிங் பயத்தோடு கேட்டான்.

"உங்க கோயில்ல ஒரு சொரூபம் உண்டுமா? ஆளில்லாத வீட்டுக்கு ஆரு மக்கா தலை குனிவா?"

வேறு நாளாயிருந்தால் ஞானசிங் பொழுது சாயும்வரை வாதாடியிருப்பான். அன்று, "நல்லதாப் போச்சு" என்று உட்கார்ந்துவிட்டான்.

ஆற்றுக்குள் நுழைந்ததும் தென்னந்தோப்புகள் நெருங்கி வந்தன. ஊறப்போட்ட தேங்காய் மட்டையின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அதனால் என்ன, குருசடி ஒன்றும் இல்லை. தூரத்தில் சபைக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. ஞானசிங் டிரங்குப் பெட்டியைத் திறந்து கோட்டை மாட்டினான். பொத்தானை மாற்றிப் போட்டு, மறுபடி போட்டு, மறுபடியும் மாற்றிப் போட்டான்.

வளைவு திரும்பியதும் கோயில் வந்தது. வெற்றிலையை மென்றபடி ஏசுஅடிமை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விம்மிய பாயோடு தாண்டினோம். கரையில் போதகர் வில்வண்டிப் படியில் ஒரு காலை வைத்திருந்தார். பாயைக் கண்டதும் காலை எடுத்துத் தரையில் வைத்தார். அப்பாடா என்றிருந்தது.

படித்துறையின் கடைசிப் படியில், வீட்டுக்குள் அடங்கி இருந்திருக்க வேண்டிய மணப்பெண் ஜெபகுமாரி வெள்ளைச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். கால் தண்ணீரில் இருந்தது. "ஏட்டி, ஆளுக பாக்குது, மேல வா" என்று பின்னால் அவள் தாய் தலையில் அடித்துக்கொண்டாள். பெண் நகரவில்லை. வள்ளத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

ஏசுஅடிமை எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, பாயைப் பாதிக்கு இறக்கினார்.