சமையலறை இல்லாத கப்பல்

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் கேன்டீனில் உப்பு என்று கேட்டால் ஆளையே கைகாட்டுவார்கள். காலை ஐந்து மணியிலிருந்து டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் சமைத்துப் போடுகிறவர். அறுபத்து மூன்று வயது, நல்ல தொப்பை, அதற்கு மேல் எந்நேரமும் ஈரமாக இருக்கும் ஒரு ஏப்ரன்.

அந்தப் பெயர் கப்பலில் வந்தது. ஒரு சரக்குக் கப்பலில் அவர் பதினோரு வருஷம் சமையல்காரராக இருந்தார். பதினோரு வருஷமும் வாந்தி எடுத்தார். நாக்கு செத்துப்போய், போட்ட உப்பையே மறுபடியும் போடுவார். மாலுமிகள் முதலில் திட்டினார்கள், பிறகு பெயர் வைத்தார்கள், கடைசியில் விதியே என்று சாப்பிட்டார்கள்.

கப்பலுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: தொட்டில். துறைமுகத்தில் கட்டிப்போட்டிருந்தாலும் ஆடும். முகப்பில் என்னவோ ஒரு இளவரசியின் பெயர்தான் எழுதியிருந்தது. ஆனால் அதில் ஏறியதெல்லாம் எலும்புத்தூளும் பதப்படுத்தாத மாட்டுத்தோலும். இளவரசி நாலு மைல் தூரத்துக்கு நாறுவாள்.

தொட்டிலை உடைக்க அனுப்பி இருபது வருஷம் கழித்து, பழைய ஆட்கள் ஒரு ஹோட்டல் மாடியில் கூடினார்கள். அடுத்தவன் சமையலைக் குறை சொல்ல ஒரு வாய்ப்பு என்று உப்புவும் போனார். அங்கேதான் செகண்ட் ஆபீசர் பேச்சுவாக்கில் அந்த மாடலைப் பற்றிச் சொன்னார். கப்பல் ஓய்வு பெற்றபோது கம்பெனி செய்து கொடுத்ததாம். ஒரு சாண் நீளம், உலோக வார்ப்பு, கையால் பூசிய வர்ணம். மொத்தமே நாற்பதுதான் செய்தார்களாம். இப்போது மாடல் சேர்க்கிறவர்கள் அதற்காக அலைகிறார்களாம்.

"எல்லாருக்கும் குடுத்தாங்களே, உனக்கு வரலையா?" என்றார் செகண்ட் ஆபீசர்.

உப்புவுக்கு வந்தது ஒரு குடை. முதல் மழையிலேயே அதன் கம்பி மடங்கிப்போனது. மேஜை மேஜையாக விசாரித்ததில் கணக்கு தெளிவாயிற்று. ஆபீசர்களுக்குக் கப்பல், மற்றவர்களுக்குக் குடை.

வீட்டுக்கு வந்து, எனக்கு அந்தக் கப்பல் வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார்.

"அது ஆடின ஆட்டத்துல இன்னைக்கும் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறீங்க. அதோட பொம்மை எதுக்கு?"

"பதினோரு வருஷம் அது என்னை வயித்துக்குள்ள வச்சிருந்துச்சு. இனிமே நான் அதை அலமாரிக்குள்ள வச்சிருக்கேன்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எப்படியோ போ, பிறகு என்னிடம் வந்து நிற்காதே என்று அதற்கு அர்த்தம்.

தேடல் டெலிபோனில் தொடங்கியது. சீஃப் என்ஜினீயரின் மாடலைப் பேத்தி குளியல் தொட்டியில் விட்டுப் பார்த்திருக்கிறாள். அசல் கப்பல் ஒருநாளும் முழுகாமல் காப்பாற்றிய மானத்தை அது ஒரே நிமிஷத்தில் வாங்கிவிட்டது. வர்ணமெல்லாம் போய் இப்போது அது காகிதத்துக்குப் பாரமாக இருக்கிறது. செகண்ட் ஆபீசரின் மாடலை, வீடு மாறியபோது அவர் மனைவி உடைந்த பொம்மைகளோடு சேர்த்து ஒரு பழைய சாமான் கடையில் போட்டுவிட்டாள். இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

உப்பு அந்தக் கடையைக் கண்டுபிடித்தார். கடைக்காரருக்கு வாங்கிப்போன ஆளின் பெயர் தெரியவில்லை. ஆனால் ஆளை மறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து லென்ஸ் எடுத்து, கப்பலை மல்லாக்கப் போட்டு, பல்லைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாராம். பிறகுதான் தெரிந்ததாம், அவர் பல் டாக்டரேதான் என்று. நாலு ஸ்டாப் தள்ளி கிளினிக்.

கிளினிக்கின் வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கப்பல்கள். இரண்டாவது தட்டில் தொட்டில் நின்றது. கறுப்பு உடம்பு, மஞ்சள் புகைபோக்கி. ஆடாமல் நின்றதுதான் உப்புவுக்குப் பொறுக்கவில்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். நோயாளிகளை மட்டும்தான் பார்ப்பார் என்றாள் மேஜையில் இருந்த பெண். சரி, பல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கவைத்த பிறகு பேச்சுக்கு வழியில்லை. டாக்டரின் இரண்டு கையும் வாய்க்குள் இருந்தன. உப்பு "கப்பல்" என்று சொல்லிப் பார்த்தார். அது "அஅஅல்" என்று வந்தது. வலி அதிகம்போல என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். உண்மையிலேயே ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாக இருந்தது. அதைப் பிடுங்கிய பிறகுதான், பஞ்சைக் கடித்துக்கொண்டே, தான் அந்தக் கப்பலில் வேலை செய்தவர் என்று அவரால் சொல்ல முடிந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகுலுக்கினார். அலமாரியைத் திறந்து தொட்டிலை எடுத்து வந்து தட்டில் வைத்தார். ஆனால் விற்க மாட்டேன் என்றார். உப்பு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தப்பு டாக்டர். இங்க ஒரு ஜன்னல் இருக்கணும். என் சமையலறை ஜன்னல்."

வாய்ப்பில்லை, கப்பல் கட்டிய வரைபடத்தை வைத்துச் செய்த மாடல் இது என்றார் டாக்டர்.

"வரைபடத்துல இருக்காது. நான் சேர்ந்து ரெண்டாவது மாசம் கேப்டன் சொல்லி வெட்டினது. அதுவரைக்கும் உள்ளேயே பக்கெட் வச்சிருந்தேன். சூப் பாத்திரம் எது, பக்கெட் எதுன்னு கேப்டனுக்கு ஒரு சந்தேகம் வந்துடுச்சு."

டாக்டர் நம்பவில்லை. உப்பு அப்போதே செகண்ட் ஆபீசருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். சமையலறைப் பக்கமே தான் போனதில்லை, அந்த வாடை ஆகாது என்றார் அவர். மறுநாள் உப்பு ஒரு போட்டோ கொண்டுவந்தார். கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்த ஒருவன் கேலிக்காக எடுத்தது. வட்ட ஜன்னலுக்கு வெளியே உப்புவின் தலை, வாய் திறந்திருக்கிறது, மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் லென்ஸ் வைத்து ஐந்து நிமிஷம் பார்த்தார். முகத்தை அல்ல, ஜன்னலின் விட்டத்தை.

மாடல் சேர்க்கிறவருக்கு இது சாதாரண விஷயமில்லை. தப்பு என்று தெரிந்த பிறகு அலமாரியைத் திறக்கும் போதெல்லாம் அந்த வெற்றுச் சுவர்தான் டாக்டரின் கண்ணில் பட்டது. துளை போட்டால் மாடலின் மதிப்பு போய்விடும். போடாவிட்டால் அவருடைய நிம்மதி போய்விடும். ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். எட்டாம் நாள் உப்புவைக் கூப்பிட்டனுப்பி, கப்பலை மெத்தென்ற துணியில் படுக்கவைத்து, விளக்கை இழுத்து, தன்னிடம் இருந்ததிலேயே சன்னமான பல் துளைக்கும் ஊசியை மாட்டினார்.

"சரியா எங்க?"

"இன்னும் கொஞ்சம் பின்னால. அங்கதான்."

அரை நொடிதான். கடுகளவு துளை. டாக்டர் துடைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இனிமே இதை என் ஆளுங்ககிட்ட காட்ட முடியாது. காட்டினா என்னை மனுஷனாவே மதிக்க மாட்டாங்க. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

 உப்பு, டாக்டருக்கு எப்போது வந்தாலும் கேன்டீனில் சாப்பாடு என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி கொண்டுவந்தார். டாக்டரும் வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெட்டியோடு வருகிறார். மற்றக் கப்பல்களில் சமையலறை ஒழுங்காக இருக்கிறதா என்று உப்பு பார்த்துச் சொல்ல வேண்டும். இதுவரை இரண்டில் மனிதன் சமைக்க முடியாது என்று தீர்ப்பாகியிருக்கிறது. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்பது டாக்டரின் தீர்ப்பு.

தொட்டில் வீட்டு அலமாரியில் நிற்கிறது. மனைவிதான் தூசி தட்டுகிறாள். அந்த அலமாரியில் இருக்கும் கிளாஸ்களைவிட ஜாக்கிரதையாகத் தட்டுகிறாள் என்பதை உப்பு கவனித்தும் கவனிக்காததுபோல் இருக்கிறார். ஒருநாள் அவள் கப்பலைக் கையில் எடுத்து அந்தத் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நான் எழுதின கடுதாசியெல்லாம் இதுல எங்க வச்சிருந்தீங்க?"

உப்பு துளைக்குக் கீழே விரலை வைத்தார். "இங்க ஒரு மாவு டப்பா இருந்துச்சு. கப்பல்லயே ஈரம் படாத இடம் அது ஒண்ணுதான்."

"அப்ப எல்லாம் வந்து சேர்ந்திருக்கு. பதில்தான் போடலை."

பதினோரு வருஷத்துக்கு மொத்தம் மூன்று பதில் போட்டதாக அவருக்கு ஞாபகம். அதைச் சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று தோன்றியது. வெங்காயம் உரிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து கேன்டீனுக்குப் போனார்.