பதில் வராத பெயர்கள்

கிருஷ்ணராஜுக்கு வயது நாற்பத்தொன்பது. அலுப்புக்கு மட்டும் அறுபதைத் தாண்டியிருக்கும். குடியிருக்கும் றப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் இறங்கித் தெஹியோவிட்ட கடைத்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் முழங்கால் இரண்டும் சண்டைக்கு நிற்கும். அங்கே ஜுனைதீன் நானாவின் போன் கடையில், போன் உறைகள் தொங்கும் சுவருக்குக் கீழே ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், கால் ஆடும் பிளாஸ்டிக் கதிரை. அவருடைய பிழைப்பு அவ்வளவுதான். ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்புவார், சின்னக் கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பார்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டம் ஆட்களைக் குறைத்தபோது அவரையும் சேர்த்துக் குறைத்தார்கள். வேறு வழி தெரியாமல் அவிசாவளைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உட்கார்ந்தார். மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், பாதி வகுப்பு தூங்கி வழிந்துதான் படித்தார். ஆனால் அந்தப் படிப்பில் அவர் எழுதிய ஒரு சின்ன மென்பொருள் மீது மனுஷனுக்கு அப்படி ஒரு பெருமை.

இணையப் பக்கம் வேண்டுமென்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, நாங்கள் நினைத்திருக்கும் பெயர் காலியாக இருக்கிறதா, வேறு யாரும் பதிந்துவிட்டார்களா என்பதைத்தான். கிருஷ்ணராஜின் மென்பொருளில் பத்துப் பெயர்களை ஒன்றாகப் போட்டு ஒரு தட்டுத் தட்டினால் போதும். அது எங்கோ இருக்கும் பெயர்ப் பதிவேட்டிடம் பத்தையும் கேட்டு, பச்சையில் 'காலி' என்றோ சிவப்பில் 'எடுத்தாயிற்று' என்றோ காட்டிவிடும். பார்க்கிறவர்கள் அசந்து போவார்கள். இவரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

திங்கட்கிழமை பின்னேரம் தர்மிளா வந்தாள். அவர் குடியிருக்கும் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயத்துப் பெண்தான். காலையில் றப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, மத்தியானத்துக்கு மேல் இன்னும் நான்கு பெண்களோடு ஈரப்பலாக்காய் சீவிப் பொரித்துப் பைக்கற் போடுகிறாள். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெரிய கடையின் ஆட்கள் பார்க்க வருகிறார்களாம். பைக்கற்றில் இணைய முகவரி இருக்க வேண்டும், தட்டினால் பக்கம் திறக்க வேண்டும், அப்போதுதான் சரக்கு எடுப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த ஒரு கடை கிடைத்தால் ஐந்து பேரும் விடியற்காலையில் மரத்துக்கு மரம் ஓடாமல் இருக்கலாம். கொப்பித் தாளில் பத்துப் பெயர் எழுதி வந்திருந்தாள். அவள் மனசு 'மலைப்பொரி'யில் நின்றது.

வெளியே மழை அடித்து ஊற்றியது. இணையம் போவதும் வருவதுமாக இருந்தது. பத்துப் பெயரில் எட்டு பச்சையாக வந்தது. எட்டு எப்படிக் காலியாக இருக்கும் என்று யோசிக்கிற ஆள்தான் கிருஷ்ணராஜ். அன்றைக்கு யோசிக்கவில்லை. நாலு மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டில் போய் விழுந்தால் போதுமென்று இருந்தது.

"மலைப்பொரி டொட் கொம் காலியாத்தான் இருக்கும்மா. தைரியமா லேபல் அடிங்க" என்றார்.

பணம் கட்டும் கார்ட் ஜுனைதீன் நானாவுடையது. அவர் கண்டிக்குப் போயிருந்தார், புதன்தான் வருவார். புதன்கிழமை பதிந்துவிடலாம், அதற்குள் பெயர் எங்கே ஓடிவிடப் போகிறது என்று கிருஷ்ணராஜ் சொன்னார். அவள் நம்பிப் போய், அவிசாவளையில் ஆயிரத்தைந்நூறு லேபல் அடித்துவிட்டாள்.

புதன் காலையில் பதியப் போனால், அந்தப் பெயர் ஏற்கெனவே பதியப்பட்டது என்று வந்தது. கிருஷ்ணராஜ் பதிவேட்டை நேரே திறந்து பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்பே யாரோ எடுத்து, பக்கம் ஒன்றும் போடாமல் சும்மா வைத்திருக்கிறார்கள். தன் மென்பொருளில் மறுபடி போட்டுப் பார்த்தார். இன்றைக்கு அது கூசாமல் சிவப்பைக் காட்டியது.

தான் எழுதியதைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. பதிவேடு 'இருக்கிறது' என்றால் சிவப்பு. 'அப்படிப் பதிவு இல்லை' என்றால் பச்சை. பத்து விநாடிக்குள் ஒன்றுமே சொல்லாவிட்டால் அதற்கும் பச்சை. திங்கட்கிழமை மழையில் இணையம் அறுந்து அறுந்து வந்ததில் இரண்டு பெயருக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது. மற்ற எட்டும் வெறும் மௌனம். அதற்குத்தான் பச்சை பூசி, தைரியமாக அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

எந்த வாத்தியாரும் இப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. இது தோட்டத்தில் ஆட்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து வந்த பழக்கம். விடியற்காலையில் தொழிலாளர்கள் கூடி நிற்க, பதினெட்டு வருஷம் அவர்தான் பெயர் கூப்பிட்டார். இரண்டு தரம் கூப்பிடுவார். சத்தம் வராவிட்டால் ஆள் வரவில்லை என்று கோடு போட்டு, அந்த ஆளின் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். நின்று விசாரிக்க அங்கே யாருக்கு நேரம்? அதே கைதான் இந்த வரியையும் எழுதியிருக்கிறது. கிருஷ்ணராஜுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. எரிச்சல்படவும் தெம்பில்லாமல் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்ட ஜுனைதீன் நானா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல மனுஷர், கடை நடத்தத் தெரிந்தவர்.

"நேத்துத்தான் ஆரோ எடுத்திட்டாங்க எண்டு சொல்லுங்க. அந்தப் புள்ள போய்ப் பதிவேட்டப் பாக்கவா போகுது?"

பார்க்க மாட்டாள்தான். ஒரே ஒரு பொய், யாருக்கும் தெரியாது, வேலையும் முடிந்துவிடும். கிருஷ்ணராஜுக்கு அது பஞ்சு மெத்தை போலத் தெரிந்தது. அவர் மென்பொருளைத் திறந்து, பதில் வராவிட்டால் மஞ்சளாக 'தெரியவில்லை' என்று காட்ட மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்து முடித்த நேரம், லேபல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தர்மிளாவே வந்துவிட்டாள்.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. நேத்து யாரும் எடுக்கல, மூணு வருஷமா வேற ஆள் பேர்லதான் இருக்கு என்று சொன்னார். அவள் புரியாமல் நின்றாள்.

"பிழை என்னோடதும்மா. அன்னைக்குப் பதிலே வரல. பதில் வராததை நான் காலின்னு சொல்லிட்டேன்."

தர்மிளா பெட்டியை இறக்கிவைத்து ஒரு லேபலை எடுத்துப் பார்த்தாள். முகவரி அடி ஓரத்தில் தனி வரியாக இருந்தது. அதைக் கத்தரித்துவிட்டுக் கையால் எழுதிக்கொள்ளலாம், ஐந்து பேர் உட்கார்ந்தால் நாளைக்குள் ஆகிவிடும் என்றாள். வெள்ளிக்கிழமை பக்கம் திறக்குமா என்று மட்டும் கேட்டாள். திறக்கும் என்றார்.

இந்தத் தடவை அவளுடைய தாளில் மீதியிருந்த ஏழு பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஐந்து சிவப்பு. ஒன்றுக்கு மஞ்சள் வந்தது, பொறுத்திருந்து மறுபடி கேட்டால் அதுவும் சிவப்பு. 'மேல்லயம் பொரி'க்கு மட்டும், அப்படிப் பதிவு இல்லை என்று பதில் தெளிவாக வந்தது. மென்பொருளை நம்பாமல் பதிவேட்டிலும் நேரே பார்த்துவிட்டு, அவள் கண் முன்னாலேயே பதிந்தார். ஜுனைதீன் நானா கார்டை நீட்டினார்.

பெட்டியைத் தூக்கக் குனிந்த தர்மிளா நிமிர்ந்தாள்.

"எங்கம்மா தங்கம்மாவும் ஒருநாள் பல்லு வீங்கி, வாயத் தொறக்க முடியாம பெரட்டுல கையத் தூக்கிக்கிட்டு நின்னாங்க. நீங்க நிமிந்தே பாக்கல ஐயா. வரலன்னு கோடு போட்டுட்டீங்க. பால் கத்தியோட வீட்டுக்குத் திரும்பி வந்தாங்க."

குத்திக் காட்டுகிற மாதிரி அவள் சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

கிருஷ்ணராஜ் எந்த வருஷம், எந்தக் காலை என்று துழாவிப் பார்த்தார். உயர்ந்து நின்ற ஒரு கையைக்கூட அவருக்கு நினைவில்லை.