வெரிபீ வானுக்கு றேடியோ வாங்கின கதை

ஒரு நாள் பின்னேரம் வெரிபீயிலிருந்து ஸ்பிரிங்வேலுக்குத் திரும்பி வருகிற வழியில் எங்களை வேலைக்கு ஏற்றி இறக்குகிற வான் பெருந்தெருவின் ஓரக் கோட்டின்மேல் ஏறியது. அந்தக் கோட்டில் சில்லுப் பட்டால் கர்ரென்று ஒரு சத்தம் வரும். நித்திரை தூங்குகிறவர்களை எழுப்பவே அப்படிப் போட்டிருக்கிறார்கள். சத்தத்தைக் கேட்டு வானில் இருந்த எல்லோரும் விழித்தோம். கடைசியாக விழித்தவர் வானை ஓட்டிக்கொண்டிருந்த தேவன்.

"என்னண்ணை, கண்ணைத் திறந்துகொண்டு ஓடுங்கோவன்!" என்று பின்னாலிருந்து ராசன் கத்தினான்.

"நான் முழிப்பாத்தான் இருக்கிறன். காத்து இழுத்துப்போட்டுது."

"காத்தோ? வெளியிலை ஒரு இலை ஆடேல்லை."

இது 2012ஆம் ஆண்டு, மெல்பேர்னில். நகரத்துக்கு மேற்கே வெரிபீயில் ஒரு மரக்கறித் தோட்டத்தின் பக்கிங் ஷெட்டில் எனக்கு வேலை. கோவா, பூக்கோவா, புரொக்கோலி எல்லாம் வெட்டி வரும். பழுது பார்த்துக் கழித்து, பெட்டியில் அடுக்கிக் குளிர் அறைக்கு அனுப்ப வேண்டும். நகரத்தின் மற்றப் பக்கம், ஸ்பிரிங்வேலிலிருந்து எட்டுப் பேர் போனோம். வான் தோட்டத்துக்குச் சொந்தம். அதை ஓட்டுகிற லைசன்ஸ் எங்களில் தேவனுக்கு மட்டும்தான் இருந்தது. விடிய முதல் எழும்பி வீடு வீடாக எங்களை ஏற்றி, நகரத்தைக் கடந்து, பாலத்தையும் கடந்து கொண்டுபோய்ச் சேர்ப்பார். பிறகு பகல் முழுக்கக் குளிர் அறையில் நின்று பெட்டி தூக்குவார். பின்னேரம் வெயில் பட்ட வானுக்குள் ஏறினால் அந்த மனிசனுக்குக் கண் சொருகாமல் என்ன செய்யும்?

எங்கள் கெட்டகாலம், வான் கோட்டில் ஏறினதைப் பின்னால் தன் யூற் பாரவண்டியில் வந்த தோட்டத்து பொஸ் பார்த்துவிட்டார். அடுத்த நாள் காலை ஷெட் வாசலில் நின்றார். பிராங்க் என்று பெயர், கோபமில்லாத ஆள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"வன் மோர் ரைம், பினிஷ்" என்றார். மிச்சத்தைச் செல்வி மொழிபெயர்த்தாள். செல்வி மதுரைப் பிள்ளை, இங்கிலிஷ் நன்றாகப் பேசுவாள்.

"இன்னொரு வாட்டி தூங்குனா வானை வெரிபீ ஆளுங்களுக்குக் குடுத்துருவாராம். நம்மள நாமளே வந்துக்கச் சொல்றாரு."

நாங்களாக எப்படி வருவது? ரயில் மாறி மாறி வெரிபீ வரைக்கும் வரலாம். அங்கிருந்து தோட்டத்துக்கு விடியற்காலையில் பஸ் இல்லை. எனக்குக் கார் ஓடத் தெரியாது. படித்தது அஞ்சாம் வகுப்பு. இந்த வயதில் இன்னொரு வேலை யார் தருவார்? வான் போனால் என் வேலையும் போச்சு.

வானில் இருந்த பழைய றேடியோ எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒரு நல்ல றேடியோ பூட்டினால் தேவன் முழித்திருப்பார் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம்.

கனடாப் பெட்டி

தேவனின் தங்கை ரொறன்ரோவில் இருக்கிறா. அவவின் காரில் சற்றலைற் றேடியோ இருக்கிறதாம். கனடாவின் ஒரு கரையில் ஏறி மற்றக் கரையில் இறங்குமட்டும் ஒரு சொட்டும் இரையாதாம். கார் மாற்றினபோது கழற்றி வைத்த பழைய பெட்டியை, மெல்பேர்னுக்குக் கலியாணத்துக்கு வந்த ஆக்களிடம் கொடுத்துவிட்டா. கையடக்கமான கறுப்புப் பெட்டி. கூரையில் ஒட்டிவைக்க அடியில் காந்தம் உள்ள ஏரியல். சிகரெற் லைற்றர் ஓட்டையில் செருகுகிற வயர். பார்த்தவுடன் எங்களுக்கு நல்ல சந்தோசம்.

பூட்டினார். திரையில் இங்கிலிசில் ஏதோ எழுத்து வந்து ஓடியது.

"என்னடா போட்டிருக்கு?" என்று தேவன் கேட்டார்.

"தேடுதாம் அண்ணை" என்றான் ராசன்.

"தேடட்டும்."

ஸ்பிரிங்வேலிலிருந்து வெரிபீ வரைக்கும் தேடியது. திரும்பி வருமட்டும் தேடியது. இங்கே வீட்டுக் கூரைகளில் பூட்டுகிற டிஷ் எல்லாம் வடக்குப் பார்த்துத்தான் நிற்கும். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேவன் வானை வடக்குப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். பிறகு கிழக்கு, பிறகு மேற்கு. நாங்கள் சோற்றுப் பெட்டியோடு வானுக்குப் பின்னாலேயே திரிந்தோம். "மேகமா இருக்குல்ல, அதான் அண்ணா" என்றாள் செல்வி. மேகம் போனது. வெயில் எறித்தது. பெட்டி தேடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஸ்பிரிங்வேலில் கார் றேடியோ திருத்துகிற ஒரு வியட்நாம்காரரிடம் கொண்டுபோனோம். பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அந்த மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார். செல்வியும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"அண்ணா, இந்தப் பெட்டிக்குப் பாட்டு அனுப்புற சாட்டிலைட் அமெரிக்கா, கனடா பக்கம் மட்டும்தான் அனுப்புமாம். இங்க காருக்குன்னு அப்படி ஒரு சர்வீஸே கிடையாதாம்."

"அப்ப தங்கச்சி ஏன் அனுப்பினவள்?"

"எங்களுக்கும் மேலை அதே சற்றலைற்தான் நிக்குது எண்டு நினைச்சிருப்பா" என்றான் ராசன். "நீங்களும் அப்பிடித்தானே ஒரு கிழமை வானைச் சுத்திச் சுத்தி நிப்பாட்டினியள்?"

எந்த செற் வாங்குவது

சற்றலைற் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டோம். வியட்நாம்காரர் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார்.

டிஜிற்றல் றேடியோ என்று ஒன்று மெல்பேர்னுக்கு வந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. போட்டுக் காட்டினார். கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனால் நாள் முழுக்கத் தமிழ் போடுகிற வானொலி அதில் இல்லை. போனில் இன்ரநெற் வானொலியை எடுத்து, வயர் போட்டுக் கேட்கலாம் என்றார். அப்படிக் கேட்கக்கூடிய போன் ராசனிடம் மட்டும்தான் இருந்தது. அவனோ, "என்ரை டேற்றாவை எட்டுப் பேரும் சேர்ந்து குடிக்கப் போறியளோ?" என்று போனைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டான்.

மூன்றாவது, எங்கள் தமிழ் ஆக்கள் நடத்துகிற இருபத்திநாலு மணிநேர வானொலி. அது சாதாரண றேடியோவில் வராது. அவர்களே விற்கிற செற்றில் மட்டும்தான் கேட்கும். எங்கள் சனத்தின் குசினிகளில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் அந்த செற் இருக்கும். ஒரு அடப்ரர் போட்டால் வானிலும் வேலை செய்யும். குறை என்னவென்றால், நகரத்தை விட்டுத் தூரப் போகப் போக இரையும்.

தெளிவுதான் முக்கியம் என்றார்கள் சிலர். இல்லை, தமிழ்தான் என்றார்கள் சிலர். கடையில் நின்று சண்டை பிடித்தார்கள். செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, நீங்கதான் முன்சீட்டுல உக்கார்றீங்க. நீங்க சொல்லுங்க."

பின்னால் இருந்தால் எனக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். அதனால் முன்சீற் எனக்கு. அதைத் தவிர வேறு உரிமை எனக்கு இருந்ததில்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கக் கதைப்பது எனக்கு வராது. "குசினியிலை கேக்கிற செற்றையே வாங்குவம்" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அதையே வாங்கினோம்.

தாலாட்டு

செற் வேலை செய்தது. தோட்டத்திலிருந்து, நகரத்துக்கு வருகிற வழியில் உள்ள லாவேட்டன் வரைக்கும் ஒரே இரைச்சல். லாவேட்டன் தாண்டினால் பளிச்சென்று தமிழ் வரும். ஆனால் அந்த நேரம் பார்த்து அவர்கள் போடுவது பழைய மெல்லிசைப் பாட்டு. இரைச்சல் உள்ளவரைக்கும் ராசன் ஏதாவது அலட்டிக்கொண்டு வருவான், தேவனும் பதில் சொல்லுவார். பாட்டுத் தொடங்கினவுடன் எல்லோரும் வாயை மூடிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு தலையாகச் சரியும்.

தேவனின் இமை இறங்குவது எனக்கு மட்டும் தெரியும். "தம்பி, கண் மூடுது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் இத்தனை பேர் இருக்க, வான் ஓடுகிற ஆளைப் பார்த்து அப்படி எப்படிச் சொல்வது? ஒரு நாள் இஞ்சி இனிப்பு ஒன்றைக் கையில் கொடுத்தேன். அதைச் சப்பிக்கொண்டே சொருகினார்.

அன்றைக்குப் பெற்றோல் அடிக்க லாவேட்டன் தாண்டி நிறுத்தினார். அவர் இறங்கினதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. செற்றின் முதுகில் வானொலிக்காரரின் நம்பர் ஒட்டியிருந்தது. ஒபிசாக இருக்கும், ஒரு ஆளிடம் மெல்லச் சொல்லலாம், தேவனுக்கும் தெரியவராது என்று நினைத்து அடித்தேன்.

"வணக்கம், சொல்லுங்கோ" என்று ஒரு பெண் குரல்.

"பிள்ளை, நான் வெரிபீ வானிலை இருந்து கதைக்கிறன். லாவேட்டன் தாண்டினாப் பிறகுதான் உங்கடை றேடியோ எங்களுக்கு எடுக்கிறது. நீங்கள் போடுறது எல்லாம் நல்ல பாட்டு. ஆனா அதைக் கேட்டு எங்கடை றைவர் நித்திரையாப் போறார். இந்த நேரத்திலை மட்டும் கொஞ்சம் மேளம் அடிக்கிற பாட்டாப் போடமாட்டியளோ?"

"அம்மா, உங்கடை றேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ. எக்கோ அடிக்குது."

அப்போதுதான் காதில் விழுந்தது. வானின் ஸ்பீக்கரிலிருந்து என் குரல், என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. மேளம் அடிக்கிற பாட்டு, மேளம் அடிக்கிற பாட்டு. கதவெல்லாம் திறந்து கிடந்தது.

"றைவரின்ரை பேர் என்னம்மா?"

எனக்கு மூளை வேலை செய்யவில்லை. "தேவன்" என்றேன். ஸ்பீக்கரும் தேவன் என்றது.

வெளியே தேவன் பெற்றோல் குழாயைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ராசன் சீற்றுக்குக் கீழே விழுந்து கிடந்து சிரித்தான்.

"தேவன் அண்ணை, நித்திரை கொள்ளாதேங்கோ. வானிலை அம்மாமார் இருக்கினம்" என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டு ஒரு குத்துப் பாட்டைப் போட்டது.

தேவன் வந்து ஏறினார். பெல்ற்றைப் போட்டார். "அக்கா, எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே? மெல்பேர்ன் முழுக்கச் சொல்லிப்போட்டியள்" என்றார். ஸ்பிரிங்வேல் வருமட்டும் அவர் இமை வெட்டவில்லை.

முழிப்போ?

அடுத்த நாள் லாவேட்டன் தாண்டினோம். பாட்டுப் பாதியில் நின்றது. "வெரிபீ வான் இப்ப எங்கடை எல்லைக்குள்ளை வந்திருக்கும். தேவன் அண்ணை, முழிப்போ?" என்றது அந்தக் குரல்.

"முழிப்பு!" என்று வான் முழுக்கக் கத்தியது. தேவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நாள்தோறும் கேட்டார்கள். ஸ்பிரிங்வேல் மீன்கடையில் மீன் வெட்டுகிறவர், "அண்ணை முழிப்போ?" என்றாராம். கோயிலில் விபூதி கொடுக்கும்போது ஐயரும் கேட்டாராம். தேவன் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். "அக்கா, பெல்ற்" என்று மட்டும் சொல்வார். எனக்கு மனம் சரியில்லைதான். ஆனால் அவருக்குக் கண் சொருகவில்லை. பேர் எப்போது வருமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினார்.

இந்தக் கதை ஷெட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. உன் றைவர் தூங்குவது றேடியோவிலேயே வந்துவிட்டது என்று யாரோ பொஸ்ஸின் காதில் போட்டிருக்கிறார்கள். வேலை முடிகிற நேரம் பொஸ் வானடிக்கு வந்து முன்கதவைத் திறந்தார். செல்வியின் முகம் செத்துவிட்டது.

"இன்னைக்கு அவரும் நம்மகூட வர்றாராம். பாக்கணுமாம்."

என் சீற்றில் பொஸ் இருந்தார். நான் கடைசி வரிசைக்குப் போனேன். ஒரு பக்கம் சத்தி வருகிற மாதிரி இருந்தது. அதைவிடத் தேவனின் கண் எனக்குத் தெரியவில்லை, பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. செற் இரைந்துகொண்டு வந்தது. பொஸ் அதை நிற்பாட்டக் கை நீட்டினார்.

"நோ பொஸ், லீவ் இற்" என்றார் தேவன்.

லாவேட்டன் வந்தது. மெல்லிய பாட்டு ஒன்று தொடங்கியது. தேவனின் தலை கொஞ்சம் சாய்கிறதா, கண்ணாடியைப் பார்க்கிறாரா? எனக்கு விளங்கவில்லை.

பாட்டு நின்றது. "தேவன் அண்ணை, முழிப்போ?"

பொஸ் இருப்பதால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான், அதுவரைக்கும் ஒருநாளும் பதில் சொல்லாத மனிசன் ஸ்ரியறிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "முழிப்பு!" என்று கத்தினார். அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் கத்தினோம். நானும் கத்தினேன். பொஸ்ஸின் தொப்பி மடியில் விழுந்தது.

"வட் த ஹெல்!"

செல்வி முன்னுக்குச் சாய்ந்து விளக்கினாள். பொஸ் முதலில் நம்பவில்லை. "எவ்ரி டே?" என்று தேவனைக் கேட்டார்.

"எவ்ரி டே, பொஸ்."

பிறகு அவர் சிரித்த சிரிப்பில் வானே ஆடியது. பாலத்தில் ஏறும்போதும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வான் உங்களோடேயே இருக்கட்டும் என்றார். ஸ்பிரிங்வேலில் இறங்கும்போது செல்வியிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

"அவர் பேரையும் ஒருநாள் ரேடியோவுல சொல்லணுமாம். இதுவரைக்கும் எந்த ரேடியோவும் சொன்னதில்லையாம். யாரு கேக்குறது?"

தேவன் என் பக்கம் திரும்பினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். "அக்காதான் எடுக்கவேணும். அவவுக்குத்தானே அங்கை ஆளைத் தெரியும்."

அடுத்த நாள் லாவேட்டன் தாண்டினவுடன் நானே நம்பரை அடித்தேன். முதலில் செற்றின் சத்தத்தைக் குறைத்தேன். வானலையில் நிற்கிறேன் என்று தெரிந்துகொண்டேதான், "வணக்கம் பிள்ளை, வெரிபீ வான்" என்று தொடங்கினேன்.

வாகனத்துக்கு றேடியோ வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். பெட்டியைப் பிறகு பார்க்கலாம். எந்த வானொலி என்று முதலில் பாருங்கள். அது உங்கள் தெருவுக்கு எட்டுமா என்று, அதே தெருவில் ஓடுகிற ஒருவரிடம் கேளுங்கள். கனடாவில் இருக்கிறவரிடம் கேட்காதீர்கள். பிறகு அந்த வானொலிக்கு ஒருமுறை போன் எடுத்துப் பாருங்கள். எடுக்கிற ஆள் உங்கள் பேரை விசாரித்தால், கொஞ்சம் இரைந்தாலும் பரவாயில்லை, அதையே வாங்குங்கள்.