ஸ்கேனுக்குள் யாரும் பேசவில்லை

மாமாவுக்கு மாத்திரை வாங்கப் போய் வரிசையில் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: “நெசமாவே குரல் கேக்குதா, இல்ல சும்மா சொல்றாரா?” பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவைக்கிறேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் அப்பாதான். நான் அப்போது நாலாம் வகுப்பு. அம்மாவின் தம்பியான மாமா, திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர், காதுக்குள் ஒருவன் ஓயாமல் திட்டுகிறான் என்று சொல்லி வேலையை விட்டிருந்தார். மதுரை டாக்டர் இது மனச்சிதைவு என்று சொல்லி மாத்திரையும் கொடுத்துவிட்டார். அப்பாவுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அவர் டவுன் பஸ் டிரைவர், விடிவதற்கு முன்னால் வண்டி எடுக்க வேண்டும். பக்கத்து அறையில் மச்சினன் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் மனுஷனுக்கு எப்படித் தூக்கம் வரும்? அவரையும் சும்மா குறை சொல்லிவிட முடியாது. உடம்பு வளையாதவன் போடுகிற நாடகம் என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மதுரை டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். குரல் கேட்கும் நேரத்தில் மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று ஆராய்ச்சிக்காகப் படம் எடுக்கிறார்களாம். மாமா ஸ்கேன் மெஷினுக்குள் படுத்துக்கொண்டு, குரல் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். நோய் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற சோதனை இல்லை இது என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். அப்பாவின் காதில் விழுந்தது படம் என்ற ஒரு சொல் மட்டும்தான்.

“படத்துல ஏதாச்சும் தெரிஞ்சா ஒந்தம்பி இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா தொப்பம்பட்டிக்கு அனுப்பிரு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

பழனிப் பக்கம் தொப்பம்பட்டியில் அம்மாவின் அண்ணன் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை தின்றுதான் தம்பி இப்படிச் சோம்பிக் கிடக்கிறான் என்பது அவருடைய கட்சி. அங்கே போனால் மாத்திரை நின்றுவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

பட்டன் அமுக்குவதற்கு அம்மா வீட்டிலேயே பழக்கம் கொடுத்தாள். கையில் கிடைத்தது டிவி ரிமோட். மாமா பாயில் மல்லாந்து கண்ணை மூடிக்கொள்வார், திட்டுகிறவன் வந்ததும் அமுக்குவார். டிவியை அணைத்துவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று பாட்டு ஓடும், அப்புறம் சமையல், அப்புறம் யாரோ நகை விற்பார்கள். எனக்கு ஒரே கொண்டாட்டம். அந்த ஆளைக் கார்ட்டூன் வரும்வரை திட்டச் சொல்லுங்கள் என்று நான் கேட்டதற்கு மாமாவே சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

குறித்த நாளில் என்னை விட்டுவிட்டுப் போக இடமில்லாமல் கூடவே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமாவின் கழுத்தில் கிடந்த மாதா டாலரையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே அனுப்பினார்கள். கதவைச் சாத்திய பிறகும் சத்தம் வெளியே வந்தது. ரோட்டை உடைக்கிற மெஷின் மாதிரி டக்டக்கென்று விடாமல் இடித்தது. அம்மா டாலரை உள்ளங்கையில் மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அப்பா எதிர்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். எனக்குப் பசித்தது. கேட்கப் பயமாக இருந்தது.

சத்தம் நின்று கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். மாமா ஒருமுறைகூடப் பட்டனை அமுக்கவில்லை என்றார். சில பேருக்கு அந்தச் சத்தத்தில் குரல் அடங்கிப்போவது உண்டு, அதனால் நோய் இல்லை என்று ஆகாது, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றும் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பின்னாலேயே மாமா வந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் முகம் மாதிரி இருந்தது.

“யாருமே பேசலக்கா” என்றார் அம்மாவிடம். “அந்தச் சத்தத்துல அவன் வாயே தெறக்கல. அம்புட்டு நிம்மதியா இருந்துச்சு.”

“அதத்தான நானும் சொல்றேன்” என்றார் அப்பா. “யாரும் பேசல.”

அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது.

திண்டுக்கல் பஸ்ஸில் அப்பா எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் ஜன்னலோரம் மாமா, நடுவில் நான், இந்தப் பக்கம் அம்மா. மாமாவுக்கு அதற்குள் பழையபடி ஆரம்பித்துவிட்டது, உதடு முணுமுணுத்தது. வாடிப்பட்டி தாண்டியதும் அம்மா என் தலைக்கு மேலாகக் குனிந்து, அப்பாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

“சும்மாவாச்சும் ரெண்டு தடவ அமுக்கியிருக்கலாம்ல தம்பி?”

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை, புரியாதவர் மாதிரி.

“கேக்காததுக்கு எப்படிக்கா அமுக்குறது?”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்னால் அப்பா திரும்பவில்லை. ஆனால் அவர் தூங்கவும் இல்லை. பஸ் பிரேக் போடும்போதெல்லாம் அவர் காலும் தன்னால் அமுங்கியதைச் சீட்டுக்கு அடியில் பார்த்தேன்.

மறுவாரமே மாமாவைப் பழனி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். தொப்பம்பட்டியில் மாத்திரை நின்றது. எலும்பும் தோலுமாக அவரைத் திரும்ப அழைத்துவந்தபோது நான் பெரிய வகுப்புக்குப் போயிருந்தேன். போய்க் கூட்டி வந்தவர் அப்பாதான்.

ஆனால் அன்றைக்கு, அந்த பஸ்ஸில், எனக்கு மாமா மேல்தான் கோபம் கோபமாக வந்தது. இத்தனை பழகியும் ஒரு பட்டனை அமுக்கத் துப்பில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நடிக்கிற ஆளாக இருந்திருந்தால் அமுக்கித் தள்ளியிருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.