றமோன் அண்ணையின் கணக்கில் வராத ஹோம் ரன்

றமோன் அண்ணை போய்விட்டார். காலையில் அவருடைய மகள் போன் பண்ணிச் சொன்னாள்.

இங்கே கனடாவில் பாண், அதாவது பிரெட், பேக்டரியில் பத்து வருடத்துக்கு மேல் என்னோடு பேக்கிங் லைனில் நின்ற மனுசன். டொமினிக்கன் நாட்டுக்காரர். அதற்கு முன்னால் அமெரிக்காவில் சம்பளத்துக்கு பேஸ்போல் விளையாடியவர்... பந்தை கிரவுண்டுக்கு வெளியே அடிப்பதற்கென்றே எடுக்கப்பட்ட ஆள்.

அண்ணை என்று முதலில் கூப்பிட்டது நான்தான். பிறகு லைனில் நின்ற பிலிப்பினோப் பெண்ணும் அப்படியே கூப்பிட்டாள். அதுவும் அவருடைய பெயர்தான் என்று நினைத்திருப்பாள்.

அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. தான் அடித்த பந்துகளில் பாதி இங்கே ஒஷாவா நகரத்தில்தான் விழுந்தது என்பார். அமெரிக்காவில் அடித்த பந்து ஒஷாவாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அதுதானே சொல்கிறேன், அவ்வளவு தூரம் போனது என்பார்.

எங்களிடமிருந்து கொஞ்சம் தமிழும் கற்றிருந்தார். ஓம், காணும், வாறன்... அவருக்கு மிகவும் பிடித்தது "கண்டனீங்களோ?" (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: பார்த்தீர்களா என்று அர்த்தம். ஓம் என்றால் ஆமாம், கண்டனாங்கள் என்றால் பார்த்தோம்.)

பாண் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கேட்பார். "ஓம், கண்டனாங்கள்" என்று நாங்கள் சொல்லும்வரை அடுத்த பெட்டியில் கை வைக்கமாட்டார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பேக்டரி வாசலில் ஒரு மஞ்சள் கோடு. நாங்கள் எல்லாரும் பார்க்காமலே தாண்டிப் போவோம். இவர் மட்டும் நின்று, இரண்டு காலாலும் அதை மிதித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஏதோ சாமி நம்பிக்கை என்று நினைத்து விட்டுவிட்டோம்.

ஒருநாள் லஞ்ச் நேரம் காரணம் சொன்னார். அன்றைக்கு மட்டும் பெருமை பேசவில்லை.

சின்ன லீக்குகளில் வருஷக்கணக்காக அடித்து நொறுக்கியவரை, ஒருமுறை பெரிய லீக்குக்குக் கூப்பிட்டார்களாம். அங்கே ஒரு பந்து சரியாக மாட்டியது. சரியாக அடித்தால் கைக்கு ஒன்றுமே தெரியாதாம், காற்றை அடித்த மாதிரி இருக்குமாம்.

பேஸ்போலில் பந்து வெளியே போனால் மட்டும் போதாது. மூன்று மூலையிலும் இருக்கிற பேஸ்களைத் தொட்டுச் சுற்றி வந்து, அடித்த இடத்தில் இருக்கிற ஹோம் பிளேட் என்கிற தட்டை மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் ஹோம் ரன்.

இவர் சந்தோஷத்தில் துள்ளி, அங்கே காத்து நின்ற டீம்காரர் மேல் பாய்ந்துவிட்டார். கால் பிளேட்டில் படவில்லை. மற்ற டீம் முறையிட்டது. அம்பயர் அவுட் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் திரும்பவும் சின்ன லீக். பிறகு மணிக்கட்டு உடைந்தது. பெரிய லீக்கில் அவர் பெயரில் ஒரு ஹோம் ரன்கூட இல்லை.

அவர் இங்கிலிஷில் சொன்னது எனக்கு எங்கள் பேச்சில்தான் ஞாபகம் இருக்கிறது. "பந்து போனது. அதை ஒருத்தராலும் இல்லையெண்டு சொல்லேலாது. நான்தான் வந்து சேரேல்லை."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, இந்த மனுசனை ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் இறக்கியே ஆகவேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் கிரிக்கெட் டீமுக்கு கேப்டன். பழைய மாணவர் மட்டும்தான் விளையாடலாம் என்று சட்டம் பேசினார். என்னிடம் சட்டம் பேசி அவர் வென்றதாகச் சரித்திரம் இல்லை.

வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு கிரவுண்ட். மற்ற டீம் கேப்டன் வந்து, இவர் எந்த வருஷத்து பட்ச் என்று கேட்டார். என் கணவர் கண் வெட்டாமல், பாண் பேக்டரி பட்ச் என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

பந்தை ஏன் நிலத்தில் குத்திப் போடுகிறான், அந்தப் பிள்ளைக்குக் கையில் பலம் இல்லையா என்று றமோன் அண்ணை உண்மையாகவே கவலைப்பட்டார். முதல் பந்துக்கு வீசினார், காற்று. இரண்டாவதுக்கும் காற்று. சும்மா தட்டிவிட்டு ஓடுங்கோ என்று என் கணவர் மற்றப் பக்கத்தில் நின்று கெஞ்சினார். தட்டவா என்னைக் கூப்பிட்டாய் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

மூன்றாவது பந்து நிலத்தில் குத்தவில்லை. நேரே வந்தது... கார் பார்க்கையும் தாண்டிப் போனது.

மட்டையைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினார். சிக்ஸருக்கு ஓடத் தேவையில்லை என்று எல்லாரும் கத்தினோம். காதில் விழுந்தால்தானே. அறுபது வயதுத் தொந்தியோடு, இல்லாத பேஸ் எல்லாவற்றையும் ஆறுதலாகச் சுற்றி, அடித்த இடத்துக்கே வந்து, அங்கே போட்டிருந்த வெள்ளைக் கோட்டை இரண்டு காலாலும் மிதித்தார்.

திரும்பி அம்பயரைப் பார்த்தார். "கண்டனீங்களோ?"

அம்பயராக நின்றவர் எங்கள் ஊர் அங்கிள் ஒருவர். அவருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. ஆனால் றமோன் அண்ணையின் முகத்தைப் பார்த்தார். "ஓம் தம்பி, கண்டனான்."

அடுத்த பந்தில் ஸ்டம்ப் பறந்தது. மேட்ச்சும் தோற்றோம். றமோன் அண்ணை கொத்துரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே, பந்து ஒஷாவாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

காலையில் மகள் இன்னொன்றும் கேட்டாள்.

இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லையென்று போன கிழமைதான் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பினார்களாம். வாசலில் வீல்செயரை நிறுத்தச் சொல்லி, மகளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசற்படியை இரண்டு காலாலும் மிதித்தாராம். பிறகு அவள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டாராம்... ஸ்பானிஷும் இல்லை, இங்கிலிஷும் இல்லை. ஒன்றும் விளங்காமல் பேசாமல் நின்றுவிட்டாளாம். அது உங்கள் பாஷைதானே, அப்பா என்ன கேட்டார் என்றாள்.

சொன்னேன்.

பிறகு, அதற்குப் பதில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். நாக்கு புரளும்வரை போனிலேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். நாளைக்குப் பார்வைக்கு வைக்கும்போது அவர் காதில் சொல்லப் போகிறாள்.

டீம்காரர் எல்லாரும் ஜெர்சி போட்டுக்கொண்டு வாருங்கள். அழுது வடிகிற முகம் அவருக்குப் பிடிக்காது.

போயிட்டு வாங்கோ அண்ணை... ஓம், கண்டனாங்கள்.