திட்டினவர் டீ வாங்க வேண்டும்

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்த கண்டெய்னர் யார்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. யார் திட்டினாரோ அவர்தான் டீ வாங்க வேண்டும். காலையில் ஒரு டிரைவரின் பரம்பரையையே இழுத்து வைத்துப் பேசியவர், சூடு ஆறுவதற்குள் கேட்டுக்கு வெளியே உள்ள கடையில் அவருக்கு டீ சொல்லிவிடுவார். திட்டு வாங்கியவர் அதைக் குடித்துவிட்டால் சண்டை முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

பத்திரிகை அலுவலகத்தில் பல வருடம் பிழை திருத்திவிட்டு, பாதுகாப்பு அறிவிப்புகளும் அறிக்கைகளும் எழுதும் வேலைக்கு அங்கே சேர்ந்தேன். எங்கள் செய்தி ஆசிரியரும் கத்துவார். டீ மட்டும் வாங்கித் தர மாட்டார். அதனால் இந்தச் சட்டம் எனக்கு உடனே பிடித்துப்போனது.

பகல் ஷிப்டைப் பார்த்துக்கொண்டவர் ராயபுரத்துப் பெண்மணி. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, அதன் மேல் ஒரு விசில். விசில் அலங்காரத்துக்குத்தான்; அவர் குரலே போதும். ஷிப்டுப் பொறுப்பு அவருக்குத் தற்காலிகமாகத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த மாதம் நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, தங்கையின் கல்யாணத்துக்கு மாதாகோயிலில் நாள் கூடக் குறித்துவிட்டார்.

ஒரு நாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஜெர்மன் என்ஜினியர் ஒருவர் யார்டைப் பார்க்க வந்தார். எங்கள் மேலாளர் கூடவே நடந்து விளக்கிக்கொண்டிருந்தார். மேலாளர் நகரத்தின் தென்பகுதியிலிருந்து காரில் வந்து, காரிலேயே திரும்புகிறவர். கிரேன் வண்டி ஒரு கண்டெய்னர் பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தது. படம் எடுத்தபடியே ஜெர்மன்காரர் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பெட்டிக்கு அடியில் போனார்.

"யோவ், வெள்ள சொக்கா! கண்ணு கீதா இல்லியா? மேல பெட்டி தொங்கிகினு கீது, அடில இன்னாய்யா வேடிக்கை? நவுரு!"

ராயபுரத்து அக்கா கத்தியதோடு நிற்கவில்லை. ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். ஜெர்மன்காரர் அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு மேலாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: இந்த அம்மாள் செய்தது சரி, தவறு என்னுடையது; ஆனால் உங்கள் மஞ்சள் கோடு தேய்ந்து கிடக்கிறது, இது மோசம், பெயிண்ட் அடியுங்கள்.

மேலாளர் சிரித்து, வெளிப்படையான கருத்துக்கு நன்றி என்றார். சற்று நேரத்தில் கடையிலிருந்து ஜெர்மன்காரருக்கு டீ வந்தது. எதற்கு என்று கேட்டார். யார்டின் சட்டத்தைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தவர், நின்றபடியே குடித்து முடித்தார்.

மறுநாள் மேலாளர் அக்காவைத் தன் ஏசி அறைக்கு அழைத்தார். குறிப்பெடுக்க என்னையும் கூப்பிட்டார். பீங்கான் கோப்பையில் டீ, தட்டில் பிஸ்கட்.

"உங்க எனர்ஜி எங்களுக்கு ரொம்பப் பெரிய பலம் மேடம். ஒரே ஒரு சின்ன விஷயம். கிளையன்ட் முன்னாடி டோன் கொஞ்சம் பாத்துக்கலாமே. மத்தபடி உங்க திறமைக்கு எந்த இடம் பொருத்தமா இருக்கும்னு நாங்களும் யோசிச்சிட்டிருக்கோம்."

வெளியே வந்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"திட்டவே இல்ல நைனா. டீ வேற குடுத்தாரு. மேட்டர் முடிஞ்சிச்சி."

"முடியலக்கா. உங்கள வேற எடத்துக்கு மாத்தப்போறாரு."

"போ நைனா. பேப்பர்ல இருந்தவனுக்கு எல்லாமே கெட்ட சேதிதான்."

ஷிப்டு நிரந்தரமாகிவிடும் என்று டிரைவர்களிடமும் சொல்லிவிட்டார். "கன்பார்ம் ஆனா பிரியாணி யக்கா, டீ குடுத்து ஏமாத்தாத" என்று ஒருவர் கத்தினார்.

அந்த வாரமே மின்னஞ்சல் வந்தது. பழைய ரசீதுகளை அடுக்கிவைக்கும் ரெக்கார்டு ரூமுக்கு அவரை மாற்றியிருந்தார்கள். ஷிப்டுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து வேறு ஆள் வருகிறார். அக்காவின் பங்களிப்புக்கு இரண்டு இடத்தில் நன்றி சொல்லியிருந்தது. காரணம் எங்கேயும் இல்லை.

எனக்கு எரிந்தது. எரிச்சல் இன்றும் அடங்கவில்லை. உயிர் தப்பியவருக்கு அந்தக் குரலில் குறை இல்லை. அவருக்குப் பதிலாக அவமானப்பட்டது நம்ம ஊர் மேலாளர்தான். யார்டு மோசம் என்று ஜெர்மன்காரர் முகத்துக்கு நேரே சொன்னால் அது வெளிப்படைத்தன்மை. அதையே ராயபுரம் சொன்னால் டோன். மரியாதை என்று இவர்கள் சொல்வது யார் மனத்தையும் காப்பாற்றுவதற்கு இல்லை. எதிரில் இருப்பவர் பதில் பேசிவிடாமல் இருக்க வாயில் பிஸ்கட்டை வைப்பது.

மின்னஞ்சல் வந்த அன்றே அக்கா மேலாளரின் அறைக்குப் போனார். நானும் உள்ளே இருந்தேன்.

"இன்னா சார், அன்னிக்கு டீ குடுத்தியே, திட்டவே இல்லியே? நான் பண்ணது தப்புன்னா மூஞ்சிக்கு நேரா திட்டு. கெட்ட வார்த்தைல கூட திட்டு, வாங்கிக்கிறேன். அப்பால என்னை யார்டுக்கு அனுப்பு."

"இதுல தப்பு, சரின்னு எதுவும் இல்ல மேடம். உங்க உணர்வுகளை நான் மதிக்கிறேன்."

"அத்த நீ மதிக்காத. அந்த ஆளு நசுங்கிருந்தா இன்னா பண்ணிருப்ப? மாலை போட்டு தேங்க்ஸ் சொல்லிருப்பியா?"

"பாருங்க, இந்த டோன்தான் மேடம்..."

"எங்க ஏரியால நாயத் தொரத்துறதுக்கே ஒரு ஞாயம் கீது சார். கல்லக் காட்டிட்டுதான் தொரத்துவோம். நீ பிஸ்கட்டு போட்டுகினே வெசம் வச்ச."

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார். ரெக்கார்டு ரூம் பக்கம் திரும்பவில்லை. கேட்டை நோக்கி நடந்தார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். பணியிடத்தில் பண்பான பேச்சு என்று ஓர் அறிவிப்பு எழுதித் தரும்படி, மிகவும் பண்பாகக் கேட்டார்.

"மஞ்சள் கோடு இன்னும் தேஞ்சேதான் கெடக்கு சார். மொதல்ல அதுக்கு பெயிண்ட் அடிங்க. அறிவிப்ப வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க."

"குட் பாயின்ட்" என்றார், சிரித்தபடி.

அப்போது டீக்கடைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "யக்கா குடுக்கச் சொல்லிச்சி" என்று கண்ணாடி டம்ளரை விசிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஏசி குளிரில் டீயின் மேல் ஆடை படிந்தது. மேலாளர் அதைத் தொடவே இல்லை. யார்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சண்டை முடியவில்லை.