நடுவில் பேசியவள்

அந்த ஸ்டீரியோ டேப்ரிக்கார்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்புதான். எண்பதுகளில் துபாய்க்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் முதல் லீவில் தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டு ஓரத்திலும் ஸ்பீக்கர், இரண்டு ஓரத்திலும் மைக். கடுதாசிக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவது அப்போது எங்கள் ஊர் விக்கிரமங்கலத்தில் பெரிய பெருமை. "நீ நேர் நடுவுல உக்காந்து பேசு. ரெண்டு மைக்குலயும் ஒரே அளவா விழும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்படி இடது ஓரத்தில் மாமியார், வலது ஓரத்தில் அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், நடுவில் நான். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வாயை மூடுவது எங்கள் வீட்டில் வழக்கமே கிடையாது.

ஒரு தடவை எனக்குச் சொல்ல ஒரே விஷயம்தான் இருந்தது. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகளை மூத்தார் தன் மச்சினனுக்குக் கட்டிவைக்கத் துடித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு முப்பது தாண்டியாயிற்று. ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் லாரி ஓட்டுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் சாராயக்கடை. "புள்ள படிக்கட்டுங்க. இந்த இடம் வேணாங்க. சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மாமியார் ஒரு பக்கம் முட்டி வலியை ஒப்பிக்க, மூத்தார் மறுபக்கம் மச்சினன் பெருமையை அளந்துகொண்டிருந்தார். கேசட்டை அரியலூர் கொண்டுபோய்த் தபாலில் போட்டவரும் அந்தப் பெரிய மனுஷர்தான்.

பதில் கேசட் வந்தது. "அண்ணன் சொல்றபடியே முடிச்சிடுங்க" என்றது என் வீட்டுக்காரர் குரல். நான் கெஞ்சியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்யாணம் நடந்தது. பள்ளிக்கூடப் பையை என் மகளே பரணில் தூக்கிப் போட்டாள்.

அடுத்த லீவில் அவர் பழைய கேசட்டுகளையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்தார், மேலே பாட்டுப் பதிந்துகொள்ளலாமென்று. நான் கெஞ்சிப் பேசிய அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். மாமியார் இருக்கிறார், மூத்தார் இருக்கிறார், நான் இல்லை. மேலே அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மறுநாளே பஸ் ஏறினேன்.

கேசட்டைக் காட்டியதும் கடைக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அதுங்களா? ஒரு சேனல, அதாவது ஒரு மைக்குல பதிஞ்சத, தலைகீழாத் திருப்பி இன்னொண்ணோட சேத்தா, ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கறது ஒண்ணையொண்ணு அழிச்சிக்கிட்டுப் போயிடும்மா. ஓரத்துல இருக்கறது மட்டும் நிக்கும். பாட்டுல பாடறவங்க நடுவுலதானே இருப்பாங்க? அவங்கள எடுத்துட்டு வெறும் மியூசிக்கா ஸ்கூல் விழாவுக்குப் போட்டுக் குடுப்பேன். மனுசங்க பேச்சுல செஞ்சது அதான் மொத தடவ. சுத்தமா வந்துச்சுங்களா?"

"யாரு பேச்சுன்னு கேட்டீங்களா?"

"வூட்டுப் பொம்பள கத்தறது, வேணாம்னு கொண்டாந்தவரு சொன்னாருங்க. அது வர்ற எடத்தயெல்லாம் அழிச்சா மத்தவங்க பேச்சும் சேந்து போயிடும்னாரு. அதான் இப்படிச் செஞ்சேன். ஆனா முழுசாப் போயிருக்காதும்மா, அடியில லேசா இருக்கும்."

சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது. நான் பாராட்டுவேன் என்று காத்துக்கொண்டு வேறு நின்றான். கேசட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். இருந்தது. மாமியாரின் முட்டி வலிக்கு அடியில், மெலிசாக, "வேணாங்க, வேணாங்க" என்று நான். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "உங்க அண்ணன் பண்ணுன காரியத்த வந்து கேளுங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "உன் குரல் துபாய்லயே காதுல விழுந்துச்சு. அண்ணன் ஏதாச்சும் யோசிச்சுத்தானே செஞ்சிருப்பாரு" என்றார்.

அன்றைக்கு அவர் சாப்பிட்ட தட்டை நான் எடுக்கவில்லை. ஈ மொய்த்துக்கொண்டு அது அங்கேயே கிடந்தது.